மைசூரு, பாலக்காடு, திருப்பதி, ஓசூர்: எல்லை தாண்டிக் குடியேறுமுன்

சென்னை வாடகையும் பெங்களூரு நெரிசலும் போதும் என்று முடிவெடுத்த தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். மைசூருவா, பாலக்காடா, திருப்பதியா? இல்லை, மாநிலத்தை விட்டே போகாமல் ஓசூரில் இருந்துவிடலாமா? கேட்பவர்கள் வெயில், வாடகை, தண்ணீர் மூன்றையும் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மொழியைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அது பழகிடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள்.

பேச்சு பழகிவிடும், உண்மைதான். கன்னடத்தில் பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. இந்தப் ப-ஹ மாற்றம் பிடிபட்டாலே கடைத்தெருவில் பாதி விளங்கிவிடும். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், பட்டி என்றால் நாய் என்று தெரிந்துகொண்டால் பெரிய தர்மசங்கடங்கள் வராது. செலவு வைப்பது தாளில் இருக்கும் மொழி: கிரயப் பத்திரம், பள்ளி விதி, ஆர்.சி., சாதிச் சான்று. நான்கு ஊர்களையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி இது. இரண்டாம் வகுப்புக் குழந்தையோடு போவதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோடு போவதும் ஒன்றல்ல.

முதலில் பள்ளி மொழி. தமிழ்நாட்டில் 2006, கர்நாடகத்தில் 2015, கேரளத்தில் 2017 என மூன்று மாநிலங்களும் தங்கள் மொழியைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயமாக்கிச் சட்டம் போட்டிருக்கின்றன. கர்நாடகச் சட்டமும் கேரளச் சட்டமும் சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளையும் விடவில்லை. "சென்ட்ரல் போர்டுதானே, இந்தி எடுத்துக்கலாம்" என்று நினைத்துப் போனால், அட்டவணையில் கன்னடமோ மலையாளமோ உட்கார்ந்திருக்கும். வேறு மாநிலத்திலிருந்து நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு விலக்குக் கேட்க வழி உண்டு. ஆனால் "நாங்க பாத்துக்கறோம் சார்" என்று அட்மிஷன் மேசையில் சொல்வது விலக்கு ஆகாது. எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது பிளஸ் டூவுக்குப் பிறகு. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கர்நாடகத்தின் சி.இ.டி. பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்க, பெரும்பாலானோருக்குப் பொருந்தும் விதி இது: ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.யு.சி. (நம் பிளஸ் டூ) முடியும்வரை குறைந்தது 7 ஆண்டு கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பையோ இரண்டாம் பி.யு.சி.யையோ அங்கே தேறியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் மைசூரு போய்ச் சேரும் பிள்ளைக்குக் கையில் இருப்பது 5 ஆண்டுதான். ஆந்திரத்தில் அரசியல் சட்டத்தின் 371-டி பிரிவின் கீழ் வந்த ஆணைப்படி 85 சதவீத இடங்கள் உள்ளூர் மாணவர்களுக்கு. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் 4 கல்வியாண்டுகளைத் தொடர்ச்சியாக அந்தப் பகுதியில் படித்திருப்பதுதான் உள்ளூர் மாணவர் ஆவதற்கான முக்கிய வழி. கேரள நுழைவுத் தேர்வில் பெற்றோர் கேரளத்தவர் அல்லாத பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்குச் சமூக இடஒதுக்கீடோ கட்டணச் சலுகையோ கிடையாது.

தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து விண்ணப்பிக்கலாமா? பொறியியலுக்கு வழி இருக்கிறது. எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை இங்கே படிக்காத பிள்ளைக்கு இருப்பிடச் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். மருத்துவத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து கணக்குப் பார்ப்பார்கள். ஒரே ஆண்டில் இரண்டு மாநிலங்களில் 'நான் இந்த மாநிலத்தவன்' என்று உரிமை கோரினால் இடமே பறிபோகும். அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஓராண்டு வெளியே போனாலும் அது போய்விடும். தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத வேலை ஒதுக்கீட்டுக்கோ ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும்.

சாதிச் சான்று. பட்டியல் சாதிகளும் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளும் மாநில வாரியாக அறிவிக்கப்பட்டவை. ஒரே பெயரில் உள்ள சாதி இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும், பிழைப்புக்காகக் குடிபெயர்ந்தவருக்குப் புது மாநிலத்தின் சலுகை வராது. பட்டியல் வகுப்பினர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1990-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. இடஒதுக்கீட்டை நம்பியிருக்கும் குடும்பம் இந்த ஒரு காரணத்துக்காகவே ஓசூரில் நின்றுகொள்வது நல்லது.

அட்டைகள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் வெளிமாநிலத்தில் பொருள் கிடைப்பது முன்னுரிமை அட்டைக்கு மட்டும். தமிழ்நாட்டில் முன்னுரிமையற்ற அட்டைக்கும் கிடைக்கும் இலவச அரிசி எல்லை தாண்டாது. குடும்ப அட்டையைச் சரண்டர் செய்துவிட்டுப் போனால், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் நின்றுபோகும்.

வீடு, ஆஸ்பத்திரி, ஊருக்குத் திரும்பி வரும் பாதை, தண்ணீர் ஆகியவற்றை ஊர்வாரியாகவே பார்க்கலாம்.

| | மைசூரு | பாலக்காடு | திருப்பதி | ஓசூர் |
|---|---|---|---|---|
| பள்ளி மொழி | கன்னடம் கட்டாயம் | மலையாளம் கட்டாயம். கிழக்கே தமிழ் வழிப் பள்ளிகள் | தெலுங்கு. எல்லையோரம் தமிழ் உண்டு | தமிழ் கட்டாயம் |
| வெயில் | மிதம் | ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் | கடுமை | மிதம் |
| பெரிய சிகிச்சை | ஊரிலேயே | கோவை | ஊரில், வேலூர் | பெங்களூரு |
| தமிழ்நாட்டுப் பாதை | சென்னைக்கு நல்ல ரயில். கோவைச் சாலைக்கு இரவுத் தடை | கோவை 55 கி.மீ. | சென்னை 135 கி.மீ. | சாலை நன்று, சென்னைக்கு ரயில் சுற்று |
| மறைந்திருக்கும் செலவு | அட்வான்ஸ், வாகன வரி | நெல்வயல் சட்டம் | அளவுக் குழப்பம், கூட்டம் | தினப் பயணம் |

## மைசூரு

வசதி என்று பார்த்தால் நான்கில் முதலிடம் இதற்கே. கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேல் இருப்பதால் கோடை தாங்கும். அரசு மருத்துவக் கல்லூரியும் தனியார் மருத்துவக் கல்லூரியும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. 2022 நவம்பரில் வந்த சென்னை - மைசூரு வந்தே பாரத், சுமார் ஆறரை மணி நேரத்தில் கொண்டுவந்து விடுகிறது.

பணத்தைத் தின்பது அட்வான்ஸ். பெங்களூரு வழக்கம் இங்கேயும் பரவி, பத்து மாத வாடகைவரை கேட்கிறார்கள். 18,000 ரூபாய் வாடகைக்கு 1,80,000 ரூபாய் முடங்கும். 7 சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 12,600. மாத வாடகையோடு இன்னும் 1,050 ரூபாயைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கும் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் சகஜம். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு தொகையைக் குறித்துவிடுவது புத்திசாலித்தனம்.

மாதம் 200 யூனிட் மின்சாரம் இலவசம் என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கிருஹ ஜோதி திட்டத்தில் 200 என்பது உச்சவரம்பு. அந்த வீட்டின் பழைய சராசரியை ஒட்டித்தான் இலவச அளவு நிர்ணயமாகும். பழைய கணக்கே இல்லாத புது வீட்டுக்குக் கொடுப்பது மாநிலச் சராசரியான 53 யூனிட்டும் அதன் மேல் 10 சதவீதமும், அதாவது 58.

மனை வாங்குவதாக இருந்தால் 'காத்தா' என்ற சொல்லை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். நம் பட்டா மாதிரி என்று தரகர் சொல்வார். காத்தா என்பது சொத்து வரிக் கணக்கில் பெயர் ஏறியிருப்பதற்கான ஆதாரம். அது மட்டுமே உரிமை ஆகாது. பத்திரப் பதிவுக்கு இ-காத்தா, அதாவது மின்னணுக் காத்தா, கேட்கிறார்கள். 'பி காத்தா' என்று இருந்தால் விலை ஏன் குறைவு என்று யோசிக்க வேண்டியதில்லை: அனுமதியில்லாத மனைப்பிரிவாக இருக்கும், வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். ஊருக்கு வெளியே நிலத்தைக் குண்டேயில் சொல்வார்கள். ஒரு குண்டே 1,089 சதுர அடி, நம் கணக்கில் இரண்டரை செண்ட்.

கோவை, ஈரோடு பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். வரைபடத்தில் கோவை 200 கிலோமீட்டர்தான். ஆனால் சாலை திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகச் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தைக் கடக்கிறது. அங்கே கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை தடை. சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணியிலிருந்தே தடை. கூடலூர் வழியும் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் இரவு 9 முதல் 6 வரை மூடப்படும். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று இரவு பத்து மணிக்குப் போன் வந்தால் பெங்களூரு, சேலம் என்று சுற்றித்தான் போகவேண்டும். ரயிலும் அதே சுற்றுதான். வயதான பெற்றோர் கோவையில் இருந்தால் மைசூரு உங்கள் ஊர் அல்ல.

பைக்கில் பெங்களூரு போய்வர நினைப்பவர்களுக்கு: 119 கிலோமீட்டர் விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான். காவிரி பிரச்சினை சூடாகும் வாரங்களில் மண்டியா வழி அடைபடும்; தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையிலேயே நின்றுவிடும். தமிழ்நாட்டு வண்டிகள் எரிக்கப்பட்ட 2016 செப்டம்பரை மறக்காதவர்கள், டி.என். எண் வண்டியை அந்த வாரங்களில் வெளியே எடுப்பதில்லை.

## பாலக்காடு

பச்சைப் பசேல் கேரளத்தை மனதில் வைத்து இங்கே வராதீர்கள். மலைத்தொடரின் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். ஏப்ரல் வெயிலில் கோவைக்காரரே திணறுவார். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் தமிழே பெருவாரி, தமிழ் வழிப் பள்ளியும் உண்டு. அதே பகுதிதான் மழை மறைவுப் பகுதியும். தமிழ் கேட்கும் இடமாகப் பார்த்து வீடு எடுத்தால் ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி என்று கேட்டே ஆகவேண்டும்.

நிலம் வாங்கும்போது இங்கே ஒரு சொல் ஆளை விழுங்கிவிடும். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல்வயல். வீடு கட்டக்கூடிய மேட்டு நிலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'புரயிடம்'. தமிழ் வாசிப்பில் நிலம் என்றால் நிலம்தானே என்று தாண்டிப் போய்விடுவோம். 2008-ம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதில் அனுமதியில்லாமல் வீடு கட்ட முடியாது. மண்ணடித்து நிரப்புவதே குற்றம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்யவேண்டியவை: வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டில் அந்த சர்வே எண் என்ன வகை என்று பாருங்கள். கிருஷிபவனில் (வேளாண் அலுவலகம்) டேட்டா பேங்க் என்ற நெல்வயல் பட்டியலில் அது இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு. டேட்டா பேங்கில் தவறாக ஏறியிருந்தால் படிவம் 5 போட்டு நீக்கக் கேட்க வேண்டும். நீங்கியபின், அல்லது முதலிலிருந்தே அதில் இல்லாவிட்டால், வகை மாற்றத்துக்குப் படிவம் 6. 2017 டிசம்பர் 30-க்கு முன்பே தனியாகப் பிரிந்துவிட்ட 25 செண்ட் வரையான துண்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் ஒரு ஏக்கர்வரை நிலத்துக்கு அரசு குறித்த நியாய விலையில் (நம் வழிகாட்டி மதிப்பு மாதிரி) 10 சதவீதம். கட்டணத்தை விட நாளாவதுதான் பெரிய தொல்லை. "மாத்திக்கலாம், நாலு மாசம்" என்று விற்பவர் சொன்னால், மாற்றிய பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று நீங்களும் சொல்லுங்கள்.

கோவையில் வேலை, கோவையில் டாக்டர், வீடு மட்டும் அமைதியான அக்ரஹாரத் தெருவில் என்று இருப்பவருக்கு இதைவிட வாகான ஊர் இல்லை. ரயில் அடிக்கடி உண்டு. காரில் தினமும் போனால் வாளையாறு பக்கத்துச் சுங்கச்சாவடிக்கு மாதப் பாஸ் எடுப்பது கட்டுபடியாகும்.

## திருப்பதி

ஓய்வு பெற்றவர்கள் பக்தியில் தேர்ந்தெடுக்கும் ஊர். பக்தியைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் வலுவான காரணங்கள் உண்டு: ஸ்விம்ஸ் மருத்துவமனை, எலும்பு சிகிச்சைக்குத் தேவஸ்தானத்தின் பர்டு, 1954-லிருந்து இயங்கும் வெங்கடேசுவரா பல்கலைக்கழகம், 2015-ல் வந்த ஐ.ஐ.டி., ஐசர் அறிவியல் கல்வி நிறுவனம். சென்னைக்கு மூன்றரை மணி நேரப் பயணம்.

இங்கே குடியிருப்பவரின் எதிரி கூட்டம். வார இறுதியும் பிரம்மோற்சவமும் ஆட்டோக் கூலியிலிருந்து ரயில் டிக்கெட்வரை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும். பேருந்து நிலையத்தையும் மலையடிவார அலிபிரியையும் விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறீர்களோ அவ்வளவு நிம்மதி. ரேணிகுண்டா 10 கிலோமீட்டர்தான். விமான நிலையமும் பெரிய ரயில் சந்திப்பும் அங்கே.

மனையை அங்கணத்தில் சொல்வார்கள். பழந்தமிழில் அங்கணம் என்றால் சாக்கடை என்று சிரித்துக்கொள்ளலாம், ஆனால் கணக்கில் கவனம் வேண்டும். அங்கணம் 36 சதுர அடி என்பார் ஒருவர், 72 என்பார் இன்னொருவர். ஊருக்கு ஊர் வேறு. ஒப்பந்தத்தில் சதுர அடியையும் நான்கு பக்க அளவையும் எழுதாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

## ஓசூர்

மாநிலம் மாறாமலே பல மொழிகளுக்கு நடுவில் வாழலாம். தெருவில் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஓடும். தாள் முழுக்கத் தமிழில் இருக்கும். மேலே சொன்ன ஒதுக்கீட்டுக் கவலை எதுவும் இல்லை. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால், எல்லையில் உள்ள அத்திபெலேயைத் தாண்டி வண்டியை அங்கே நிறுத்திவிட்டு ஏறிக்கொள்ள முடிகிறது. ஆனால் பீக் நேரத்தில் அத்திபெலே நெரிசலுக்கு மெட்ரோவாலும் மருந்து இல்லை. வாரத்தில் ஐந்து நாளும் பெங்களூரு அலுவலகம் போகவேண்டும் என்றால் வாடகையில் மிச்சமானது டோலுக்கும் பெட்ரோலுக்கும் போகும். இரண்டு நாள் என்றால் லாபம்.

சென்னைக்கு ரயில் வசதி மோசம். பாதை தருமபுரி, சேலம் என்று தெற்கே போகிறது, இல்லாவிட்டால் பெங்களூரு போய் ஏறவேண்டும். கிருஷ்ணகிரி வழிப் பேருந்துதான் நடைமுறை.

## வண்டி எண்ணை மாற்றும் வேலை

முதல் மூன்று ஊர்களுக்கும் பொது. மோட்டார் வாகனச் சட்டம் 47-ம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புது எண் வாங்க வேண்டும். வரிசை முக்கியம்:

1. நிலுவைச் சலான்களைக் கட்டுங்கள். கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள்.
2. சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த நகலோடு, பழைய ஆர்.டி.ஓ.வில் படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கேளுங்கள்.
3. புது ஆர்.டி.ஓ.வில் படிவம் 27. வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி கட்டவேண்டும்.
4. புது ஆர்.சி. வந்ததும் இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டாக்கிலும் எண்ணை மாற்றுங்கள்.
5. அதன்பிறகே தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்க முடியும்.

கெடுவது பெரும்பாலும் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். என்.ஓ.சி. வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் போனால் அது காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். வரியும் சுடும்: கர்நாடகத்தில் புதுக் காருக்கே விலையைப் பொறுத்து 13 முதல் 18 சதவீதம், பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். அரசு ஊழியர்களும், நான்கு மாநிலங்களிலாவது கிளை வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்களும் எல்லா மாநிலத்துக்கும் பொதுவான பி.எச். (பாரத்) வரிசை எண் எடுத்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை. இரண்டு இரண்டு ஆண்டாக வரி கட்டினால் போதும்.

## யாருக்கு எது

பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குள் இருந்து, குடும்பம் பத்தாண்டு தங்கப்போகிறது என்றால் மைசூரு. ஏழாண்டுக் கணக்கு தாராளமாக நிறையும். எட்டு முதல் பன்னிரண்டுக்குள் பிள்ளை இருந்தால் ஓசூர், அல்லது பிளஸ் டூ முடியும்வரை பொறுத்திருங்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட தம்பதிக்கு, ரத்த அழுத்தம், மூட்டுவலி அளவில் மருத்துவத் தேவை இருந்தால் திருப்பதி. கோவையில் வேரை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் மாற்ற நினைப்பவருக்குப் பாலக்காடு, அதுவும் முதல் இரண்டு ஆண்டு வாடகைக்கு.

எல்லைக்கு அந்தப்புறம் வீடு, இந்தப்புறம் பள்ளி என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் இருக்கின்றன. பாலக்காட்டில் குடியிருந்து பிள்ளையைக் கோவையில் படிக்கவைத்தால், பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கில் வருவது பள்ளி இருக்கும் மாநிலம்தான். ஓசூரில் இருந்துகொண்டு ஏழு ஆண்டு பெங்களூரு பள்ளியில் படித்தால் கர்நாடகக் கணக்கு நிறையும். இப்படிச் செய்வதாக இருந்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் படிப்புச் சான்றை அந்தந்த ஆண்டே பள்ளியில் முத்திரையோடு வாங்கி வையுங்கள். கர்நாடகத்தில் அந்தச் சான்றில் வட்டாரக் கல்வி அதிகாரி கையெழுத்தும் கேட்பார்கள். ஏழு ஆண்டு கழித்து, இதற்குள் மூன்று தலைமை ஆசிரியர் மாறிவிட்ட பள்ளியில் போய் நிற்பது எளிதல்ல.